மாதேசோட கண்ணு அப்பவே மஞ்சளா இருந்துச்சு

பொய்யான ஒரு லெட்டர்ல கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னதால, நான் வளத்த கிளி மாதேச ஊர்லயே விட்டுட்டு ஜெர்மனி வந்தேன். போன வாரம் கூட சித்தப்பா பையன் போன்ல அதையேதான் சொன்னான். "ஒரு லெட்டரு தானேண்ணா, அதுல என்ன ஆயிடப் போவுது, இந்நேரம் மாதேசு உங்கூட இருந்திருப்பான்ல." நான் எதுவும் சொல்லல, அம்மாவுக்கு முட்டி வலி எப்பிடி இருக்குன்னு பேச்ச மாத்திட்டேன். இவன் மட்டும் இல்ல, ஓசூர்ல கூட வேல பாத்தவங்க, அக்கா வீட்டுக்காரரு, இங்க ஸ்டுட்கார்ட்ல பக்கத்து பிளாட்ல இருக்குற சேலத்துப் பொண்ணு, எல்லாரும் ஏழு மாசமா ஏதோ ஒரு விதத்துல இதத்தான் சொல்றாங்க. தூக்கம் வராத ராத்திரியில நானே எனக்கு சொல்லிக்கிறேன். எழுதிப் பாத்தா மனசு ஒரு நிலைக்கு வருமான்னுதான் உக்காந்திருக்கேன்.

மாதேசு ஆப்பிரிக்கன் கிரே ஜாதிக் கிளி. ஒடம்பு சாம்பல் கலரு, வாலு மட்டும் குங்குமம் கொட்டின மாதிரி செவப்பு. 2015 ஏப்ரல்ல பெங்களூர்ல ஒரு கடையில 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்ப எனக்கு கல்யாணம் ஆகல, அப்பா தவறி மூணு மாசம், ஓசூர்ல ஒரு மாடி ரூம்ல தனியா இருந்தேன், நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவத் தொறந்தா உள்ள ஒரு சத்தம் இருக்காது. பேசுற கிளி ஒண்ணு இருந்தா பரவால்லன்னு தோணுச்சு, அவ்ளோதான். கடைக்காரரு "நாலு மாசக் குஞ்சு சார், கையில ஊட்டி வளத்தது, நம்ம ஆளு பண்ணையில பொரிச்சது"ன்னாரு. பில்லு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அட்டப் பொட்டியில ஓட்ட போட்டுக் குடுத்தாங்க, பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு அத்திப்பள்ளி தாண்டி வந்து சேர்ந்தேன்.

வந்த மொத நாள்லேர்ந்து கூண்டோட மூலையில ஒட்டிக்கிட்டு நாயி உறுமுற மாதிரி கர்ருன்னு உறுமிச்சு. கையக் கொண்டு போனா உறுமல், தண்ணி மாத்தப் போனா உறுமல். ஒரு மாசம் இப்பிடியே. நான் அதக் கோவம்னு நெனச்சேன். அந்த சனிக்கெழம சந்தூர் பக்கத்துல எங்க தோப்பு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்ப அம்மா கூண்டு முன்னாடி கொஞ்ச நேரம் குந்திக்கிட்டுப் பாத்துட்டு, "கோவம் இல்ல கண்ணு, இது பயந்துகிட்டு கெடக்குது"ன்னுச்சு. பேரு வெச்சதும் அம்மாதான். எங்க பக்கம் தெருவுக்கு நாலு மாதேசு இருப்பாங்க, அதுல இவன் அஞ்சாவது.

அப்புறம் பத்து வருசம். கீழ் வீட்டு ஓனரம்மா தெலுங்குக்காரங்க, கோழியக் கூப்புடுற "ரா ரா ரா"வ மாதேசு அப்பிடியே அவங்க கொரல்லயே புடிச்சுக்கிட்டான், மாடியிலேர்ந்து இவன் கூப்புட்டா கீழ கோழிங்க ஓடி வரும். குக்கர் விசிலு, என் பைக்கு ஸ்டாண்டு போடுற சத்தம், லைன்ல வேல பாக்குற தோழர் ஒருத்தரோட தும்மலு, எல்லாம் அவன்கிட்ட இருந்துச்சு. 2018ல ஒரு நாள் குச்சியிலேர்ந்து கீழ விழுந்து நடுங்கினான். பெங்களூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட ஓடினேன். இந்த ஜாதிக் கிளிக்கு கால்சியம் சீக்கிரமே கொறையும், நீங்க வெறும் சூரியகாந்தி வெதையாவே போட்டிருக்கீங்கன்னு திட்டுனாங்க. அதுக்கப்பறம்தான் கேவுரு. நூறு கிராம் கேவுருல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, தானியத்துல அது பக்கத்துல எதுவும் வராது. அம்மா மொள கட்டி, டப்பாவுல போட்டுக் குடுத்தனுப்பும், கருவேப்பில, முருங்கக்கீர, மாங்காத் துண்டு எல்லாம் சேத்து. அந்த டாக்டரம்மா டார்ச் அடிச்சு கண்ணப் பாத்தப்ப பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னாங்க, குஞ்சா இருக்கும்போது இதுங்க கண்ணு கறுப்பா இருக்கும், அப்புறம் சாம்பலாயி, ஒரு வயசு தாண்டித்தான் மஞ்சளா மாறும், மஞ்சளாயிட்டா அதுக்கப்பறம் வயசு சொல்ல முடியாதுன்னு. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க தோப்புல இருக்குறது பெரும்பாலும் கிளிமூக்கு மாங்கா, கூழ் ஃபேக்டரிக்குப் போறது. மார்ச்சு ஏப்ரல்ல பச்சக்கிளி கூட்டங் கூட்டமா வந்து பிஞ்சக் கடிச்சுப் போடும், அம்மா தகர டின்னு தட்டி ஓட்டும். ஒருதடவ பக்கத்துத் தோப்புப் பையன் ஒரு பச்சக்கிளிக் குஞ்சப் புடிச்சு கூண்டுல வெச்சிருந்தான். நான் போயி, தம்பி இது வனச்சட்டப்படி குத்தம், 1972லேர்ந்து சட்டம் இருக்கு, நம்ம நாட்டுப் பறவைய வெச்சிருக்கக் கூடாதுன்னு பெரிய மனுசனாட்டம் சொல்லி வனத்துறையில ஒப்படைக்க வெச்சேன். எங்கிட்ட இருக்குறது வெளிநாட்டுக் கிளி, அதனால நான் சரியா இருக்கேன்னு முழுசா நம்பினேன். அன்னிக்கு அந்தப் பையன் மொகம் போன போக்கு இப்ப ஞாபகம் வருது.

ரெண்டு கதவு

2025 ஜனவரியில ஸ்டுட்கார்ட் வேல வந்துச்சு. போவாம இருக்க முடியாது, அப்பா ஆஸ்பத்திரிக் கடன், தோப்பு மேல இருந்த கடன், ரெண்டையும் மூணு வருசத்துல அடைச்சிடலாம்னு கணக்கு. மாதேச விட்டுட்டுப் போறதுன்னு நானும் என் மனைவியும் ஒரு நாள் கூட பேசல. கிருஷ்ணகிரியில ஒரு ஆசாரிகிட்ட சொல்லி பிளைவுட்டுல பொட்டி செஞ்சேன், உள்ள குறுக்க ஒரு குச்சி, மூணு பக்கம் காத்துக்கு ஓட்ட, முன்னாடி கம்பி வல, விமான சரக்குல உயிருள்ள பிராணி அனுப்புறதுக்கு ஐயாட்டா, அதான் உலக விமானக் கம்பெனிங்களோட சங்கம், அதோட விதி எப்பிடி சொல்லுதோ அப்பிடி. தெனமும் சாயங்காலம் பொட்டிக்குள்ள ஒரு நெலக்கடல வெப்பேன். மூணு வாரத்துல அவனே உள்ள போயி உக்காந்துக்கிட்டு "எம்மா"ன்னு கூப்புட ஆரம்பிச்சான்.

பேப்பர் விசயத்துல எனக்கு பயமே இல்ல. 2022ல வனச்சட்டத்தத் திருத்தினாங்கல்ல, அதுல சைட்டிஸ், அதான் காட்டு உயிருங்கள நாடு விட்டு நாடு விக்கிறதக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம், அதுல இருக்குற வெளிநாட்டு ஜாதிங்களையும் உள்ள கொண்டு வந்தாங்க, அதத் தொடந்து 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி வீட்டுல வெச்சிருக்குறவங்க ஆறு மாசத்துக்குள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும்னு இருந்துச்சு. நான் ஆகஸ்டுலயே பதிஞ்சுட்டேன். அந்தச் சான்றிதழ லேமினேட் பண்ணி வெச்சிருந்தேன், அதுதான் மாதேசோட பாஸ்போர்ட்டுன்னு நெனச்சுக்கிட்டு.

சென்னையில ஒரு ஆபீஸர் போன்ல பொறுமையா வெளக்கினாரு. பேரு வேணாம், நல்ல மனுசன். "சார், பதிவு சொல்றது இந்தப் பறவை உங்ககிட்ட இருக்குன்னு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு அது சொல்லாது. ஏத்துமதிக்கு நாங்க கேக்குறது ரெண்டாவது கேள்வி." ஆப்பிரிக்கன் கிரே இப்ப சைட்டிஸ் மொதப் பட்டியல்ல இருக்கு, புலி, யான இருக்குற அதே பட்டியல். அந்த ஒப்பந்தத்துல இருக்குற நாடுங்க 2016ல ஜொகன்னஸ்பர்க்ல கூடிப் பேசி முடிவு பண்ணி, 2017 ஜனவரியிலேர்ந்து அமுலுக்கு வந்துச்சு. அதனால இங்கேர்ந்து வெளிய போவ ஒரு அனுமதி, ஜெர்மனிக்குள்ள வர பான் நகரத்துல இருக்குற அவங்க இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துலேர்ந்து தனியா ஒரு அனுமதி, ரெண்டும் வேணும். பறவைக்காய்ச்சல் விசயம் தனி, கெளம்புறதுக்கு முன்னாடி தனியா அடைச்சு வெச்சு எச்5, எச்7 டெஸ்டு எடுக்கலாம், இல்லன்னா போன எடத்துல 30 நாள் குவாரன்டைன். இதெல்லாம் செலவு, அலைச்சல், ஆனா முடியுற காரியம். முடியாதது அந்த ரெண்டாவது கேள்வி. பறவை இந்தியாவுல பொரிச்சதுன்னா எந்தப் பண்ண, தாய் தகப்பன் பறவைங்க எப்பிடி வந்துச்சுங்கன்னு காட்டணும், வெளியிலேர்ந்து வந்ததுன்னா அப்ப இறக்குமதி பண்ணின பேப்பர் வேணும். இந்த ரெண்டு கதவுல ஏதாவது ஒண்ணு வழியாத்தான் வெளிய போவ முடியும். எங்கிட்ட பில்லு கூட இல்ல. மாதேசு கால்ல வளையமும் இல்ல. பண்ணையில பொரிச்ச குஞ்சுக்கு பத்து நாள் பதினஞ்சு நாள்லயே மூடின வளையத்த மாட்டுவாங்க, கால் வளந்துட்டா அத மாட்டவும் முடியாது கழட்டவும் முடியாது.

ஒரு பத்து நாள் சட்டத்து மேலதான் எனக்குக் கோவம். வேற நாடு வேற மாதிரி இருக்குமோன்னு எல்லாத்தையும் படிச்சேன். ஆஸ்திரேலியாவுக்கு நியூசிலாந்துலேர்ந்து தவிர வேற எங்கேர்ந்தும் வளப்புப் பறவைய உள்ளயே விட மாட்டாங்க, அமெரிக்காவுல அரசாங்க குவாரன்டைன்ல 30 நாள். எங்க போனாலும் அந்த ரெண்டாவது கேள்வி மட்டும் மாறவே இல்ல.

அப்பதான் ஒருத்தர் மூலமா ஒரு ஏஜென்ட் கெடச்சாரு. போன் எடுத்த ரெண்டாவது நிமிசமே "சார், டென்சனே ஆவாதீங்க, பண்ண லெட்டர் நான் வாங்கித் தர்றேன்"ன்னாரு. ஒண்ணே கால் லட்சம். வாட்ஸ்அப்புல மாதிரி ஒண்ணு அனுப்பினாரு, லெட்டர்ஹெட்டு, சீலு எல்லாம் சுத்தமா இருந்துச்சு. மேற்படி பறவை 2014 டிசம்பரில் எங்கள் பண்ணையில் பொரித்தது, 2015 ஏப்ரலில் இன்னாருக்கு விற்கப்பட்டது. கீழ வாங்கினவர் கையெழுத்துன்னு என் பேரு. உண்மையச் சொல்றேன், எனக்கு அப்ப தப்பாவே படல. கடைக்காரரு அன்னிக்கு வாயால சொன்னதத்தானே இவரு பேப்பர்ல எழுதுறாரு, பில்லு தொலஞ்சு போச்சுன்னு நெனச்சுக்குவோம்னு மனசு சமாதானம் பண்ணிக்கிச்சு. ஏஜென்ட் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "வாங்கின புதுசுல எடுத்த போட்டோ ஒண்ணு குடுங்க சார், கூட வெச்சா ஸ்ட்ராங்கா இருக்கும்."

அந்த போட்டோ

பழைய போன் போட்டோ எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல கெடந்துச்சு. மனைவி தூங்கிட்டா, மாதேசு கூண்டு மேல துணி போத்தியாச்சு, பதினோரு மணி இருக்கும். 2015 ஏப்ரல் ஃபோல்டரத் தொறந்தேன். அப்பாவோட சாமி படத்துக்கு மால போட்ட போட்டோ, அதுக்கு நாலஞ்சு தள்ளி மாதேசு. கூண்டு மூலையில ஒட்டிக்கிட்டு, ஒடம்ப ஒடுக்கிக்கிட்டு, நேரா கேமராவப் பாக்குறான். கண்ணு மஞ்சள். வெளுத்த மஞ்சள், இன்னிக்கு எப்பிடி இருக்கோ அப்பிடியே.

டாக்டரம்மா சொன்னது ஏழு வருசம் கழிச்சு அந்த நிமிசம்தான் காதுல விழுந்துச்சு. நாலு மாசக் குஞ்சுக்கு கண்ணு மஞ்சளா இருக்காது. நான் வாங்கினது வளந்த பறவை. கையில ஊட்டி வளத்த வளந்த பறவை மனுசன் கையப் பாத்து ஒரு மாசம் உறுமாது. கால்ல வளையம் இல்ல. ஒண்ணு ஒண்ணா அடுக்கிப் பாத்தேன், வேற எங்கயாவது திரும்ப வழி இருக்கான்னு பாத்தேன், இல்ல.

அப்புறம் விடியுற வரைக்கும் படிச்சேன். மேற்கு ஆப்பிரிக்காவுலயும் காங்கோ காட்டுலயும் இதுங்கள எப்பிடிப் புடிக்கிறாங்கன்னு. பழகின கிளி ஒண்ண மரத்து உச்சியில கட்டிப் போட்டு அது கத்துறதக் கேட்டு கூட்டம் வந்து உக்காரும், மட்டையில பிசின் தடவி வெச்சிருப்பாங்க, றெக்க ஒட்டிக்கிட்டு கீழ விழும். சந்தைக்கு வர்றதுக்குள்ள பாதி வழியில சாவுறது ஏராளம். 1975லேர்ந்து 13 லட்சத்துக்கு மேல காட்டுலேர்ந்து புடிச்ச கிளிங்க சர்வதேச வியாபாரத்துக்குப் போயிருக்குங்க, அது கணக்குல வந்தது மட்டும். கானாவுல 90களோட ஆரம்பத்துலேர்ந்து பாத்தா நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல காணாமப் போயிடுச்சு, ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல வந்து அடைஞ்ச மரங்க இப்ப சும்மா நிக்குது. ஜொகன்னஸ்பர்க்ல அவங்க கூடிப் பேசுனது இதுக்காகத்தான். அதுக்கு ஒன்ற வருசம் முன்னாடி நான் 28,000 ரூபா எண்ணிக் குடுத்தேன்.

எனக்கு அந்த ராத்திரி தோணினது இதுதான். என் போன்ல இருக்குற இதே லெட்டரு மாதிரி ஒண்ணுதான் மாதேசுக்கு முன்னாடி ஒருதடவ எழுதப்பட்டிருக்கும், இல்ல எழுதாமலே வாயால சொல்லப்பட்டிருக்கும். காட்டுல பொறந்தத பண்ணையில பொறந்ததுன்னு ஒருத்தர் சொன்னாத்தான் இந்த வியாபாரமே நடக்கும். கடைக்காரரு சொன்னாரு, நான் தெரியாம நம்பினேன். இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சு நான் கையெழுத்து போட்டா அடுத்த கூண்டு எடுத்துட்டு வர்றவனுக்கும் அந்தப் பண்ணைக்கும் என் பேரால ஒரு தடம் கெடைக்கும், பாருங்க சார், போன வருசம் கூட எங்க பறவை ஜெர்மனி போச்சுன்னு. பத்து வருசமா மாதேசு எங்கேர்ந்து வந்தான்னு யாருமே கேக்கல, நானும் கேக்கல. மொத மொதல்ல கேட்டது அந்த ஏத்துமதி விண்ணப்பம்தான். அதுக்குப் போயி பொய் சொல்ல கை வரல.

காலையில ஏஜென்ட்டுக்கு வேணாம்னு மெசேஜ் போட்டேன். மனைவிகிட்ட போட்டோவக் காட்டுனேன், அவ ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் போயி கூண்டுத் துணிய எடுத்தா, அவன் எப்பவும் போல தும்மினான்.

ஆனா சித்தப்பா பையன் சொல்றதுல ஒரு ஞாயம் இருக்கு, அத நான் தள்ள முடியல. நான் கையெழுத்து போடாததால ஆப்பிரிக்காவுல ஒரு கிளி கூட தப்பிக்கல. மாதேசுக்கு அதுல ஒரு நன்மையும் இல்ல. மொத தடவ எவனோ அவன அவன் கூட்டத்துலேர்ந்து பிரிச்சான், ரெண்டாவது தடவ நான் பிரிச்சேன். ஏர்போர்ட்டுக்குப் போற அன்னிக்கு சந்தூர்ல விட்டுட்டு வந்தேன், ஜூன் மாசம், தோப்பெல்லாம் பழ வாசம். ஆகஸ்டுல அம்மா போன் பண்ணி "ஏன் கண்ணு, இவன் நெஞ்சு மயிரெல்லாம் புடுங்கிப் போடுறான்டா"ன்னுச்சு. வீடியோவுல பாத்தேன். நெஞ்சு பூரா தோலு தெரிஞ்சுது, உரிச்ச கோழி மாதிரி. இந்த ஜாதிக்கு மனசு ஒடஞ்சா இப்பிடித்தான் பண்ணும், புத்தி அந்த அளவுக்கு இருக்குற பறவை. அமெரிக்காவுல அலெக்ஸ்னு ஒரு கிரே, 2007ல செத்துப் போனது, நூறு வார்த்தைக்கிட்ட தெரியும், கலரு, எண்ணிக்க எல்லாம் சொல்லும். அந்த மாதிரி ஒரு மூளைக்கு, ஆளு எங்க போனான்னு நான் எப்பிடிப் புரிய வெக்கிறது.

இங்க வந்து தெரிஞ்சுக்கிட்டது இன்னொண்ணு, கிளிய ஒத்தையா வளக்கக் கூடாது, கொறஞ்சது ரெண்டு இருக்கணும்னு ஜெர்மனியில 1995லயே வழிகாட்டி போட்டிருக்காங்க. பத்து வருசம் அவனுக்கு நான் ஒருத்தன்தான் கூட்டம். தோப்புல தொறந்து விட்டுடு, பச்சக்கிளிங்களோட சேந்துக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. சேராது, ஒரு வாரம் தாங்க மாட்டான், அதோட இந்த மண்ணுல இல்லாத ஜாதிய வெளிய விடுறதும் தப்பு.

டாக்டரம்மா அம்மாகிட்ட போன்லயே பேசி வழி சொன்னாங்க. கூண்ட அடுப்பங்கரைக்குப் பக்கத்துல மாத்தினாங்க, கடிச்சுப் போட தென்ன மட்ட, சோளக்கதிரு, தெனமும் காலையில ஒரு மணி நேரம் வெளிய, ஈரத்துணியால லேசா தெளிக்கிறது. அடுப்புல ஒட்டாத பூச்சு போட்ட தவா இருந்துச்சு, அது அளவுக்கு மேல சூடேறினா வர்ற புகை பறவைக்கு விசம், அத எடுத்துட்டு பழைய இரும்புக் கல்லையே போட்டுக்கிட்டாங்க. தீவாளிக்கு அப்புறம் நெஞ்சுல பஞ்சு மாதிரி கொஞ்சம் மொளச்சிருக்கு. சில எடத்துல மொளைக்கல. அந்தப் பொட்டி இருக்கே, ஆசாரி செஞ்சது, அத அம்மா தூக்கிப் போடல, இந்த வருசம் அதுல வெக்கோலு போட்டு மாங்கா பழுக்க வெக்கப் போவுதாம்.

இப்ப எனக்குத் தூக்கம் கெடுறது வேற கணக்குல. நல்லாப் பாத்துக்கிட்டா கிரே நாப்பது அம்பது வருசம் இருக்கும். மாதேசுக்கு என்ன வயசுன்னு தெரியாது, பதினொண்ணுக்கு மேல, அதுக்கு மேல எவ்ளோன்னு யாருக்குத் தெரியும். அம்மாவுக்கு 64. நான் மூணு வருசத்துல திரும்பிடுவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், கண்டிப்பா திரும்பணும். இருந்தாலும் அம்மாவுக்கு ஒடம்பு முடியாத நாளு வந்தா கேவுரு மொள கட்டுறது யாரு, தண்ணி மாத்துறது யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதி வெக்கச் சொல்லி அக்காகிட்ட கேட்டேன்.

அக்கா பொண்ணு போச்சம்பள்ளியில ஒம்பதாவது படிக்குது. ரெண்டு மாசமா சனிக்கெழம சனிக்கெழம பஸ் ஏறி சந்தூர் வருதாம், யாரும் சொல்லாமலே. மொத வாரம் வெரல்ல கடிச்சிருக்கான், ரத்தமே வந்துச்சுன்னு அம்மா சொல்லுச்சு. ரெண்டாவது வாரமும் கடிச்சிருக்கான். மூணாவது வாரம் அது ஒரு நோட்டோட வந்திருக்கு, இவன் என்ன சாப்புட்டான், எத்தன மயிரு கீழ கெடந்துச்சுன்னு தேதி போட்டு எழுதுதாம். நேத்து அந்த நோட்டப் போட்டோ எடுத்து அனுப்புச்சு. ஜனவரி 17, கேவுரு பாதி கிண்ணம், கருவேப்பில ரெண்டு கொத்து, மயிரு நாலு. கீழ தனியா ஒரு வரி, இன்னிக்கு கைய நீட்டினேன் மாமா, கடிக்கல, ஆனா ஏறவும் இல்ல.